மஞ்சள் வராத குழிகள்

பதினொன்று ஐந்துக்குத் தட்டை இன்குபேட்டருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். முப்பது டிகிரி, முப்பது நிமிஷம். இனி நான் செய்ய ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஆய்வுக்கூடத்தில் என்னைத் தவிர யாருமில்லை; கீழே வாட்ச்மேன் ரேடியோ வைத்திருக்கிறார், பாட்டு கேட்கவில்லை, அதன் தாளம் மட்டும் தரை வழியாக ஏறிச் செருப்புக்குள் வருகிறது. கையுறையைக் கழற்றினால் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருக்கின்றன. எங்கள் ஊர் கோணத்துறையில் இந்நேரம் பூசை முடிந்திருக்கும். அண்ணன் மகள் ஆன்சிக்கு இன்று புதுநன்மை. வெள்ளைக் கவுனும் தலையில் பூவளையமுமாக வரிசையில் நின்று முதன்முதலாக நற்கருணையை நாக்கில் வாங்கியிருப்பாள். பல்லில் படக்கூடாது என்று யாராவது பயமுறுத்தி வைத்திருப்பார்கள், என்னை அப்படித்தான் வைத்திருந்தார்கள். நான் சாப்பாட்டு நேரத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். "அவசர சாம்பிள் மைனி, திங்கக்கிழமை காலையில ரிப்போர்ட் போகணும்" என்று அண்ணன் மனைவி கிளாடிஸிடம் சொன்னேன். பொய் இல்லை. ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று அனுப்பிய ஆறு சிப்பி சாம்பிள்கள் உள்ளே இருக்கின்றன. ஆனால் இன்றைக்கு வர வேறு இரண்டு பேர் தயாராக இருந்தார்கள், நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கோயிலுக்குள் நுழைந்ததும் எந்தப் பெஞ்சில் உட்காருவது, யார் நகர்ந்து இடம் விடுவார்கள், யார் விடமாட்டார்கள் என்று நின்று பார்க்க வேண்டியிருக்காது. பந்தியில் அந்தக் கஷ்டம் இல்லை. எங்கே இலை போட்டிருக்கிறதோ அங்கே உட்காரலாம்.

இருபத்தாறு நிமிஷம் இருக்கிறது. தட்டில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரே நொதி, நொதியை மட்டும் பார்க்க விட்ட சில குழிகள் தவிர மற்றவற்றில் சிப்பிச் சதையை அரைத்து வடித்த சாறும். பிபி-டூ-ஏ என்று பெயர், பாஸ்படேஸ் குடும்பத்தில் ஒன்று. என் நாலு வருஷம் இதன் பின்னால் போனது, பெங்களூரில். அப்பா இறந்த வருஷம் பட்டம் வாங்காமல் திரும்பி வந்தேன். செல்லுக்குள் ஒரு புரதத்தின் மேல் பாஸ்பேட்டைக் கொண்டுபோய் ஒட்டுவது கைனேஸ்களின் வேலை. ஒட்டியதும் அந்தப் புரதம் விழித்துக்கொள்ளும், சிலது தூங்கிப்போகும். வளர், பிரி, நில், கதவைத் திற என்று செல்லுக்குள் ஓடுகிற உத்தரவுகளில் பெரும்பாலானவை இந்த ஒட்டல்தான். ஒட்டியதை எடுப்பது பாஸ்படேஸ்கள். பாடப்புத்தகப் படங்களில் ஒட்டுகிறவற்றைப் பெரிதாக நடுவில் வரைவார்கள், எடுக்கிறதை ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒட்டுகிறவை ஐந்நூறு வகை. எடுக்கிறவை கொஞ்சம்தான், அதனால் ஒரே பாஸ்படேஸ் பல இடங்களுக்கு ஓட வேண்டியிருக்கிறது, இடத்துக்கு ஒரு துணைப் புரதத்தோடு. துணை மாறினால் அது போகிற இடம் மாறும், வெட்டுகிற பாஸ்பேட் மாறும், வெட்டுகிற வாய் மட்டும் ஒன்றே. இதையெல்லாம் வீட்டோடு, மனிதர்களோடு பொருத்திப் பார்க்கிற பழக்கம் எனக்கில்லை. நொதிக்கு மனக்குறை கிடையாது. கடலில் சில பாசிகள் ஒக்கடாயிக் அமிலம் என்று ஒரு நஞ்சைச் செய்யும், சிப்பி அந்தப் பாசியை வடிகட்டித் தின்னும், அதற்கு ஒன்றும் ஆகாது. அந்தச் சிப்பியைத் தின்கிறவன் குடலில் நஞ்சு போய் இந்த நொதியின் வாயில் உட்கார்ந்துகொள்ளும். எடுக்க ஆள் இல்லாமல் பாஸ்பேட்டுகள் அப்படியே நிற்கும், கதவைத் திற என்ற உத்தரவு முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும், செல்லுக்கும் செல்லுக்கும் நடுவிலுள்ள பிடிமானம் தளர்ந்து தண்ணீர் கொட்டும். சாவு வராது, மூன்று நாளில் தேறிவிடும். கைக்குழந்தைக்கும் வயதானவர்களுக்கும்தான் பயம். வேக வைத்தாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது. நான் குழிகளில் ஊற்றியிருப்பது நிறமில்லாத ஒரு திரவம். நொதி அதிலிருந்து பாஸ்பேட்டை வெட்டி எடுத்தால் அது மஞ்சளாகும். மஞ்சள் வந்தால் சிப்பி நல்லது. வராவிட்டால் நொதியின் வாயை ஏதோ அடைத்திருக்கிறது.

இரண்டு வருஷம் முன்பு, ஐப்பசியில், கோணத்துறைப் பாறைகளிலிருந்து வந்த சாம்பிளில் மஞ்சள் வரவில்லை. சிப்பி எடுக்கிற சீசன் தொடங்கி பத்து நாள்கூட ஆகவில்லை. ரிப்போர்ட்டில் கையெழுத்து என்னுடையது. டெல்பின் மேரி, கீழே பதவி, கீழே தேதி. அதிகாரிகள் வந்து கரையில் பலகை நட்டார்கள், ஐந்து வாரம் சிப்பி எடுக்க யாரும் கடலில் முங்கக் கூடாது, ஐந்து வாரம் முடிந்தபோது கடல் கலங்கிவிட்டது, சீசன் போயிற்று. சரியான ரிப்போர்ட்தான். மூன்று தடவை செய்து பார்த்துதான் போட்டேன். அந்த எண்கள் இப்போதும் மனப்பாடம். ஆனால் ஊரில் அண்ணனைப் பார்த்து "ரிப்போர்ட்டுக்காரிக்க அண்ணன் வாறான்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள், முதலில் கேலியாக, பிறகு அதுவே அவன் பெயராக. அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். ஒரே ஒரு வாக்கியம் சொன்னான், வாசலில் வலையை உதறிக்கொண்டே, என்னைப் பார்க்காமல். "ஒருநாள் முன்னால எனக்கிட்ட சொல்லியிருக்கலாம்." அவ்வளவுதான். சொல்லக் கூடாது என்பது விதி. ரிப்போர்ட் வெளியாகும் முன் யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் வேலை போகும். அதை அவனிடம் சொன்னேனா? சொன்னதாக நினைவு, ஆனால் அவன் அதற்குள் உள்ளே போய்விட்டிருந்தான், அப்படியென்றால் வலையிடம்தான் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் முன்னால் தெரிந்திருந்தால் அவன் என்ன செய்திருப்பான்? பாறைக்குப் போகாமல் இருந்திருப்பானா, மற்றவர்களிடம் சொல்லியிருப்பானா, ஒன்றும் செய்யாமல் தெரிந்துகொண்டு மட்டும் இருந்திருப்பானா? இந்தக் கேள்விக்கு வந்ததும் என் மனம் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடும், திரும்ப வலை உதறுகிற இடத்திலிருந்து தொடங்கும். அப்பாவின் நினைவுப் பூசைக்கு இரண்டு வருஷமும் போனேன், அவன் எதிர்ப் பக்கத்துப் பெஞ்சில் இருந்தான். அம்மா அவனோடுதான் இருக்கிறாள் என்பதால் அம்மாவைப் பார்ப்பதும் குறைந்தது. நான் சிப்பி சாப்பிடுவதை அந்த ஐப்பசியோடு விட்டுவிட்டேன். யாரும் கேட்கவில்லை, நானும் காரணம் சொல்லிப் பார்க்கவில்லை.

பதினைந்து நிமிஷம். மூட்டு வலிக்கிறது, ஸ்டூலில் உட்காருகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே அண்ணன் நின்றுகொண்டிருந்தான். நான் வேலை முடிந்து எந்தப் பக்கமாக வருவேன் என்று யாரிடம் கேட்டானோ. கையில் ஒரு நைலான் பை, அடியில் தண்ணீர் சொட்டுகிறது. "கிளாடிஸ் குடுத்துவிட்டா" என்றான். மைனி குடுத்துவிட்டால் மைனி போன் பண்ணியிருப்பாள். அவன் கழுத்தில் உப்பு காய்ந்து வெள்ளையாக நின்றது, முங்கிவிட்டு நேராக வந்திருக்கிறான். "ஞாயிற்றுக்கிழமை ஆன்சிக்கு புதுநன்மை." "மைனி சொன்னாவ." "வருவல்லா?" "வருவேன்." பையை என் கையில் கொடுத்துவிட்டு, "ரெட்டைப்பாறைச் சிப்பி, சதை நல்லா இருக்கு, நாளைக்கும் அங்கதான், நாலு பேரு போறோம், பந்திக்கு" என்றான். அதற்குள் பஸ் வந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் அவன் என்னோடு பேசியது இவ்வளவு. மாடி அறைக்கு வந்து பையைத் திறந்தால் இருபது முப்பது சிப்பி, பழுப்புத் தோட்டில் பாசி நார் தொங்குகிறது, சில இன்னும் வாயை மெல்ல மூடுகின்றன. நான் சாப்பிட மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சைவம். தூக்கிப் போட மனம் வரவில்லை. பிரிட்ஜில் வைத்தேன். சனிக்கிழமை இங்கே வந்து பார்த்தால் ப்ளாங்க் தீர்ந்திருந்தது. ப்ளாங்க் என்றால் நஞ்சே இல்லாத சிப்பி. அதை வைத்துத்தான் மற்றவற்றை ஒப்பிட வேண்டும். புதிது வர ஒரு வாரமாகும், சாம்பிளோ காத்திருக்கிறது. கடலில் எந்த நிறமாற்றமும் இல்லை, போன வாரம் சோதித்த நான்கு ஊர் சிப்பியும் சுத்தம். அண்ணன் தந்த பையிலிருந்து பன்னிரண்டு சிப்பியை எடுத்து வந்து அரைத்தேன். அதை ப்ளாங்க் என்று எழுதி நான்கு குழிகளில் ஊற்றினேன். செய்யக் கூடாதது, பதிவில்லாத சதை. ஆனால் அரைக்கும்போது ஏதோ நிம்மதி மாதிரி இருந்தது, அந்தப் பையை வீணாக்காமல் ஒரு வேலையில் சேர்த்துவிட்ட மாதிரி.

பதினொன்று முப்பத்தைந்து. தட்டை வெளியே எடுத்து வெள்ளைத் தாளின் மேல் வைக்கிறேன். கண்ணுக்கே தெரிகிறது, கருவியில் வைக்கத் தேவையில்லை. சிப்பி சேர்க்காத குழிகள் நல்ல மஞ்சள், நொதி வேலை செய்கிறது. கம்பெனியின் ஆறு சாம்பிளும் மஞ்சள். நடுவில் நான்கு குழிகள் தண்ணீர் மாதிரி. எந்த நான்கு என்று எண்ணிப் பார்க்கிறேன், எழுதியதைப் பார்க்கிறேன், தட்டைத் திருப்பி வைத்திருக்கிறேனோ என்று பார்க்கிறேன். திருப்பவில்லை. ப்ளாங்க். திரவம் ஊற்ற மறந்திருப்பேன் என்று நினைக்கிறேன், எல்லாக் குழியிலும் ஒரே மட்டம். உப்பு கூடியிருக்கும் என்று நினைக்கிறேன், மற்ற சிப்பிகளிலும் அதே உப்பு. பாத்திரத்தில் சோப்பு இருந்திருக்கும். ஒரே பாத்திரம். அடுத்த வரிசை கண்ணில் படுகிறது, அங்கே வழக்கப்படி அதே சாற்றைப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றியிருந்தேன்: வெளிறிய மஞ்சள். அதற்கடுத்த வரிசையில் நூறு மடங்கு: முழு மஞ்சள். தண்ணீர் கூடக் கூட நொதி வாய் திறக்கிறது. தப்பு செய்தவள் கையால் இப்படிப் படிப்படியாக நிறம் வராது. இது நஞ்சு செய்கிற வேலை. அறிந்ததும் முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை, பாராட்டு மாதிரி ஒன்று, எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது என்று. பெங்களூரில் நாலு வருஷம் இப்படி ஒரு தட்டு எனக்கு வந்ததில்லை. அதன் பிறகுதான் "பந்திக்கு" என்று அண்ணன் சொன்னது காதில் விழுகிறது. நேற்று எடுத்த சிப்பி, அதே ரெட்டைப்பாறை, இருநூற்றைம்பது பேர், முதல் பந்தி பன்னிரண்டரைக்கு. இங்கிருந்து கோணத்துறைக்கு ஒன்றரை மணி நேரம்.

சௌந்தரவல்லி மேடத்துக்குத்தான் முதலில் போன் பண்ணுகிறேன். ஏன் அவருக்கு? ஆய்வுக்கூடத்துத் தலைமை என்பதாலா, வேறு யாராவது வேறு ஏதாவது சொல்லட்டும் என்றா? "மேடம், ப்ளாங்க் குழியில கலர் வரல." "ப்ளாங்க் பெயில் ஆனா மொத்த ரன்னும் செல்லாது, டெல்பின். தூக்கிப் போட்டுட்டு நாளைக்கு ரிபீட் பண்ணுங்க. இதுக்கா ஞாயித்துக்கிழமை கூப்பிட்டீங்க?" "ஸ்டாக் தீர்ந்துபோச்சு, வெளிச் சிப்பி ஒண்ணு வச்சேன் மேடம்." "எங்க உள்ளது?" நான் தட்டைத் தாளின் நடுவுக்கு நகர்த்தினேன். "எதுவா இருந்தாலும் பதிவில்லாதது. அதுக்கு ரிசல்ட்டே கிடையாது. புரியுதா? டிஸ்கார்ட் பண்ணிடுங்க." அவர் சொன்னது விதிப்படி சரி. அந்த நான்கு குழிகளும் நான் பார்க்காதவை என்றாகிவிடும். தட்டைக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டுக் கட்டினால் முடிந்தது, எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை, இரண்டு மணிக்குக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சிப்பி வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம். அண்ணனிடம் சொன்னால் என்ன ஆகும்? அவன் தந்ததைத் தின்னாமல் சோதித்தேன் என்றாகும். இனி எத்தனை வருஷம்? கையில் போன் சூடாக இருக்கிறது. மணி பன்னிரண்டு ஏழு. எப்போது இவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. மேடத்தோடு பேசியது இரண்டு நிமிஷம் இருக்கும். மீதி நேரம் நான் இந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மைனியின் போன் முதல் தடவை அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தடவை மைனி எடுத்தாள். பின்னால் ஸ்பீக்கர், பாத்திரச் சத்தம், பிள்ளைகள்.

"டெல்பி, பொறப்பட்டியா? ஆன்சி ஒன்னயக் கேட்டுட்டே கெடக்கா."

"மைனி, சிப்பி விளம்பியாச்சா?"

"இல்ல, பந்தி இனிதான். இப்பதான் இலை போடுதாவ. என்னவாம்?"

"அண்ணன்கிட்ட குடுங்க. உடனே."

அவன் வர ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. "சொல்லு."

"அண்ணே, சிப்பி விளம்பாண்டாம். நஞ்சு இருக்கு. வேவிச்சாலும் போவாது."

"எவன் சொன்னது?"

"நான்தான். கண்ணால பாத்துட்டுச் சொல்லுதேன்."

"இந்தச் சிப்பிய நீ எங்க பாத்த?"

"வெள்ளிக்கிழமை நீ தந்தத வச்சு."

ஸ்பீக்கரில் யாரோ பாதிரியாரை மேடைக்கு அழைத்தார்கள். அண்ணன் கூட்டத்தை விட்டு நகர்ந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது. "நீ திங்கல்லியா?"

"இல்ல."

"நான் தந்தத கொண்டுபோய் சோதிச்சியா?"

"சோதிக்கல்ல. மத்தத ஒப்பிட்டுப் பாக்க சுத்தமானது ஒண்ணு வேணும். அதுக்கு வச்சேன். ஒனக்க சிப்பியில ஒண்ணும் இருக்காதுன்னுதான் அண்ணே வச்சேன்."

போன் வைத்துவிட்டான் என்று நினைத்தேன், காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு குரலைத் தாழ்த்தி, "காலையிலேருந்து மூணு தடவை வயித்தால போயாச்சு" என்றான்.

"யாரு?"

"நான்தான். அம்மைக்கு ரெண்டு தடவை. நேத்து ராத்திரி வீட்டுல கறி வச்சோம். வெயிலுக்குன்னு நெனச்சேன். நெனச்சேன்னு இல்ல. நெனச்சுக்கிட்டேன்."

"அம்மைக்கு உப்பும் சீனியும் கலக்கித் தண்ணி குடு. விடாம குடு. கண்ணு குழிஞ்சா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

"சரி" என்றவன் போனை அணைக்கவில்லை, சட்டைப்பையில் போட்டிருப்பான். துணி உரசுகிற சத்தத்துக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. "லே செல்வமணி, சிப்பி அண்டாவ மூடு. கரண்டி போடாத." யாரோ சத்தமாக ஏதோ கேட்டார்கள். "விளம்பாண்டாம்னா விளம்பாண்டாம். எனக்க தங்கச்சி சொல்லுதா." "யாரு, அந்த ரிப்போர்ட்டுக்காரியா?" என்றது இன்னொரு குரல். "ஆமா. அவதான். கிளாடிசு, முட்டை எவ்வளவு கெடக்கு பாரு, அவிக்கச் சொல்லு." நான் கண்ணாடி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை, மூக்கு மட்டும் எரிந்தது, மெத்தனால் மூடியைச் சரியாகத் திருகவில்லை போலிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன், திருகித்தான் இருந்தது.

போனுக்குத் திரும்ப வந்தான். "கடல்ல தட்டவா, புதைக்கவா?"

"புதை. ஆழமா. நாயி கோழி கிளறாம."

"இன்னும் எவனாவது ரெட்டைப்பாறைக்குப் போவான். நாளைக்கே போவான். நீ எழுதுவியா?"

"எழுதணும்னா இத சாம்பிள்னு பதியணும். யாரு எடுத்ததுன்னு கேப்பாவ. தெரியாதுன்னும் எழுதலாம்."

"தெரியாதுன்னு எழுதினா?"

"ஆளனுப்பி மறுபடி எடுத்துப் பாத்துத்தான் பாறைய அடைப்பாவ. நாலஞ்சு நாள் ஆவும்."

"அப்ப எனக்க பேர எழுது" என்றான். "ஊருல கூப்பிடுறத இல்ல. ஞானஸ்நானத்துல இட்டது, அப்பாக்க பேரோட." பிறகு மைனி எதற்கோ கூப்பிட, போய்விட்டான்.

அலமாரியிலிருந்து சாம்பிள் பதிவுப் படிவம் ஒன்றை எடுத்தேன். மேடத்திடம் நாளைக்கு என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். எடுத்த இடம், ரெட்டைப்பாறை, கோணத்துறை. எடுத்த நாள், வெள்ளி. சேகரித்தவர் என்ற கட்டத்தில் மரிய வென்சஸ்லாஸ் என்று எழுதி, தகப்பனார் பெயர் சூசை அருளப்பன் என்று தொடங்கினால் சூசையோடு கட்டம் முடிந்துவிட்டது. மீதியை ஓரத்தில் எழுதினேன்.